செராமிக் பல் இம்பிளான்டும் தாடை எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் விழுந்த இடத்தில் தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் செயற்கை வேரைத்தான் இம்பிளான்ட் என்கிறோம். பல ஆண்டுகளாக அது டைட்டானியத்தால் செய்யப்பட்டு வந்தது. இப்போது வெள்ளை நிறச் செராமிக்கிலும் கிடைக்கிறது. இந்தச் செராமிக்கை எலும்பு எவ்வாறு ஏற்கிறது, எந்த நிலையில் ஏற்க மறுக்கிறது என்று நோயாளிகளும் பல் மருத்துவ மாணவர்களும் என்னிடம் கேட்டு வந்த கேள்விகளுக்கு விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

செராமிக் என்றால் வீட்டில் புழங்கும் பீங்கான்தானா?

இல்லை. தேநீர்க் கோப்பை களிமண்ணைச் சுட்டுச் செய்வது. இன்று விற்பனையில் உள்ள செராமிக் இம்பிளான்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஜிர்கோனியா, அதாவது ஜிர்கோனியம் என்னும் உலோகம் ஆக்சிஜனோடு கூடி உருவான டைஆக்சைடு. இதே சேர்மத்தின் வேறொரு படிக வடிவத்தை நகைக்கடையில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்ற பெயரில் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 1789-இல் ஜெர்மன் வேதியியலாளர் மார்ட்டின் ஹைன்ரிஷ் கிளாப்ரோத் இந்தத் தனிமத்தின் ஆக்சைடை அடையாளம் கண்டது இலங்கையிலிருந்து சென்ற ஜிர்கான் கல் ஒன்றிலிருந்துதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தும் ஜிர்கான் பிரித்தெடுக்கப்படுகிறது.

தூய ஜிர்கோனியாவை அப்படியே பயன்படுத்த முடியாது. 1170 பாகை செல்சியஸுக்கு மேல் அதன் படிக அமைப்பு ஒன்று, அதற்குக் கீழே வேறொன்று. சூளையிலிருந்து குளிரும்போது அமைப்பு மாறிப் பருமன் ஏறக்குறைய 4 சதவீதம் பெருகுவதால் பொருள் தானாகவே விரிசல் விட்டுவிடும். ஏறத்தாழ 3 மோல் சதவீதம் யிட்ரியம் ஆக்சைடு சேர்த்துச் சுட்டால், உயர் வெப்பத்துக்குரிய படிக அமைப்பு அறை வெப்பத்திலும் அடங்கி இருக்கும். அந்த அடக்கம் ஒரு பாதுகாப்பாகவும் அமைகிறது. எங்காவது ஒரு விரிசல் ஓடத் தொடங்கினால், அதன் முனையில் உள்ள துகள்கள் மட்டும் குறைந்த வெப்பத்துக்குரிய பழைய அமைப்புக்குத் திரும்பிப் பெருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி நிறுத்திவிடுகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1975-இல் இந்தப் பண்பை வெளியிட்ட பிறகே, வாயின் கடிவிசையைத் தாங்கும் செராமிக் என்ற எண்ணத்துக்கு அடிப்படை கிடைத்தது.

எலும்பு உண்மையிலேயே செராமிக்கில் ஒட்டிக்கொள்கிறதா?

ஒட்டுகிறது என்ற சொல் பசையை நினைவுபடுத்துவதால் அதைச் சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஜிர்கோனியா வேதியியல் முறையில் மிகவும் அமைதியான பொருள். எலும்பின் கால்சியம் உப்புகளோடு அது நேரடி வேதிப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்வதில்லை. எலும்போடு வேதிப் பிணைப்பு கொள்ளும் செராமிக்குகள் வேறு உண்டு. ஹைட்ராக்சிஅபடைட்டும், 1969-இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் உருவாக்கிய உயிர்க்கண்ணாடியும் அத்தகையவை. ஆனால் கடிவிசையைத் தனியாகத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

ஜிர்கோனியாவில் நடப்பது இறுக்கமான அணைப்பு. எலும்பு அதன் மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் வளர்ந்து, நடுவில் நார்த்திசு எதுவும் இல்லாமல், ஒளி நுண்ணோக்கியில் இடைவெளி தெரியாத அளவுக்கு நெருங்கி நின்று, பல்லின் மேல் வரும் விசையை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. இந்த நிலைக்கு ஆசியோஇன்டகிரேஷன் என்று பெயர். ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தி, எலும்பு மச்சையின் இரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்ற முயன்றபோது எலும்பு அதை விடவில்லை. 1965-இல் மனிதத் தாடையில் முதல் டைட்டானிய இம்பிளான்டுகளை அவர் பதித்தார். அவர் டைட்டானியத்தில் கண்ட அதே நிலை ஜிர்கோனியாவிலும் உண்டாகிறது என்பதைப் பின்னர் விலங்கு ஆய்வுகளும், மனிதரிடமிருந்து கிடைத்த திசு மாதிரிகளும் காட்டின.

பதித்த நாளிலிருந்து எலும்புக்குள் என்னதான் நடக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

துளையிட்டு முடிந்ததும் அதன் அடியிலிருந்து இரத்தம் ஊறி வரும். திருகு வடிவ இம்பிளான்டின் வெண்மையான மரை உள்ளே இறங்கும்போது அந்த இரத்தம் மரையின் பள்ளங்கள் வழியே ஏறி வெள்ளையை முழுவதும் சிவப்பாக்கிவிடும். நல்ல மேற்பரப்பு உள்ள இம்பிளான்ட் அந்த இரத்தத்தைத் தாமரை இலை போல உருட்டித் தள்ளாமல் உறிஞ்சுதாள் போல இழுத்துக்கொள்ளும். அறுவைச் சிகிச்சையில் இந்தச் சில நொடிகளை நான் எப்போதும் உற்றுப் பார்ப்பேன், ஏனெனில் எலும்பின் எதிர்வினை அங்கேயே தொடங்கிவிடுகிறது. செல்கள் வருவதற்கு வெகு முன்னரே இரத்தப் புரதங்கள் செராமிக்கின் மேல் படலமாகப் படிந்துவிடுகின்றன. பின்னால் வரும் செல்கள் தொடுவது பெரும்பாலும் இந்தப் புரதப் படலத்தைத்தான்.

அடுத்து இரத்தம் உறைந்து, ஃபைப்ரின் இழைகள் எலும்புச் சுவரிலிருந்து இம்பிளான்ட் வரை வலை போலப் பின்னிக்கொள்கின்றன. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் செல்களை அழைக்கின்றன. முதலில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களும், அவற்றைத் தொடர்ந்து பெருவிழுங்கிச் செல்களும் வந்து, துளையிட்டபோது சிதைந்த எலும்புத் துகள்களை அகற்றுகின்றன. சில நாட்களில் உறைகட்டியின் இடத்தைப் புதிய இரத்த நாளங்கள் கொண்ட இளந்திசு பிடித்துக்கொள்கிறது. ஃபைப்ரின் இழைகளைக் கொடிக்கம்பி போலப் பற்றிக்கொண்டு, எலும்பாக மாறும் ஆற்றலுள்ள இளஞ்செல்கள் செராமிக்கை நோக்கி நகர்கின்றன.

எலும்பு இரண்டு திசைகளிலிருந்து உருவாகிறது. பழைய எலும்புச் சுவரிலிருந்து இம்பிளான்டை நோக்கி வளர்வது ஒன்று. செல்கள் இம்பிளான்டின் மேலேயே வந்து அமர்ந்து, அங்கிருந்து வெளிநோக்கி எலும்பை உருவாக்குவது மற்றொன்று. இழைகள் மேற்பரப்பை உறுதியாகப் பற்றியிருந்தால்தான் இரண்டாவது வழி நன்றாக நடக்கும். வழவழப்பான பரப்பில் செல்கள் இழுக்கும் இழுப்புக்கே இழைகள் கழன்றுவிடும்.

முதல் வாரத்தின் முடிவிலேயே நெசவு எலும்பு எனப்படும் அவசர எலும்பு தோன்றத் தொடங்குகிறது. அதன் இழைகளில் ஒழுங்கு இல்லை. ஆனால் விரைவாக உருவாகும். அடுத்த வாரங்களில் எலும்பைக் கரைக்கும் செல்கள் அதை அரித்தெடுக்க, எலும்பாக்கச் செல்கள் அந்த இடத்தில் அடுக்கடுக்காக ஒழுங்கான, வலிமையான எலும்பை இடுகின்றன. இந்த மாற்றம் மாதக்கணக்கில் நீள்கிறது. சொல்லப்போனால் இம்பிளான்ட் வாயில் இருக்கும் வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறது.

பதித்த அன்று உறுதியாக இருந்த இம்பிளான்ட், மூன்றாவது வாரம் ஏன் தளர்வாக உணரப்படுகிறது?

பதித்த அன்று கிடைக்கும் உறுதி, மரை பழைய எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதால் வரும் இயந்திரப் பிடிப்பு. மரையின் அழுத்தத்தில் நசுங்கிய எலும்பை உடல் கரைத்து அகற்றும்போது அந்தப் பிடிப்பு குறைகிறது. புதிய எலும்பின் பிடிப்போ இன்னும் முழுமையாக வந்திருக்காது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளம் பொதுவாக இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவில் வருகிறது. டைட்டானியத்துக்கும் ஜிர்கோனியாவுக்கும் இது பொதுவானது. வலி இல்லை, ஆறிவிட்டது என்று எண்ணி முறுக்கையும் கடலையும் அந்தப் பக்கம் கடிக்கத் தொடங்குவதும் இந்த வாரங்களில்தான் என்பதால், மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டை அப்போது தளர்த்தவே கூடாது.

டைட்டானியத்தோடு ஒப்பிட்டால் எலும்பு எதை அதிகம் விரும்புகிறது?

ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்து ரால்ஃப் கோஹாலும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஆறு குரங்குகளின் மேல்தாடை முன்பகுதியில் 12 டைட்டானிய இம்பிளான்டுகளும் 12 ஜிர்கோனியா இம்பிளான்டுகளும் பதிக்கப்பட்டன. ஒன்பது மாதம் ஆறவிட்டு, பிறகு ஐந்து மாதம் கடிவிசைக்கு உட்படுத்தி அளந்ததில், மேற்பரப்பில் கனிமமேறிய எலும்பு நேரடியாகத் தொட்டிருந்த அளவு டைட்டானியத்தில் சராசரி 72.9 சதவீதம், ஜிர்கோனியாவில் 67.4 சதவீதம். இம்பிளான்டுக்கு இம்பிளான்ட் இருந்த ஏற்றத்தாழ்வு இந்த இடைவெளியைக் காட்டிலும் மிகப் பெரிது; ஆகவே இரண்டும் ஒத்த அளவில் எலும்போடு இணைந்தன என்றுதான் கொள்ள வேண்டும். பன்றி, நாய், முயல் ஆகியவற்றில் நடந்த பல ஆய்வுகளும் பெரும்பாலும் இதே முடிவையே தந்திருக்கின்றன.

எண்களைவிட என்னை ஏற்கச் செய்தது ஒரு திசுத் தகடு. சாதாரணத் திசுவைப் போல இதைக் கத்தியால் சீவ முடியாது. செராமிக்கும் எலும்பும் சேர்ந்த துண்டைப் பிசினில் உறையவைத்து, வைரத்தூள் பதித்த வாளால் அறுத்து, சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிப்பு வரும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். நீலச் சாயம் ஏற்றிய அத்தகைய தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், ஒளி புகாத கருமையாகச் செராமிக்கின் மரை தெரியும். அதன் பள்ளத்துக்குள் பழைய எலும்பு வெளிர்நீலமாகவும், புதிய எலும்பு அடர்நீலமாகவும் நிற்கும். அடர்நீலத்தின் ஓரம் மரையின் ஒவ்வொரு நெளிவையும் விடாமல் பின்தொடர்ந்து செல்வதையும், அதற்குச் சற்று வெளியே எலும்பாக்கச் செல்கள் சுவர் எழுப்பும் கொத்தனார்களைப் போல வரிசையாக நிற்பதையும் காணலாம். உலோகமா செராமிக்கா என்று சொல்லாமல் காட்டினால், எலும்பை மட்டும் பார்த்து வேறுபாடு கூறுவது கடினம்.

ஆகவே, எந்தப் பொருளை எலும்பு அதிகம் விரும்புகிறது என்ற கேள்வியே சற்று இடம் மாறிக் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. எலும்பு கேட்பவை இரத்தம் பற்றிக்கொள்ளும் பரப்பு, ஆறும் காலத்தில் அசையாமை, கிருமியின்மை ஆகிய மூன்றுதான். இவற்றைத் தருகிற பொருளை அது ஏற்றுக்கொள்கிறது.

மேற்பரப்பின் சொரசொரப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

தொடக்க கால ஜிர்கோனியா இம்பிளான்டுகளில் பல கடைந்தெடுத்தபடி வழவழப்பாகவே இருந்தன. எலும்பு அவற்றைச் சுற்றி வளர்ந்தது, ஆனால் பிடிக்கவில்லை. 2005-இல் வெளியான ஒரு முயல் ஆய்வில், ஆறு வாரம் கழித்து இம்பிளான்டைத் திருகிக் கழற்றத் தேவைப்பட்ட விசையை அளந்தார்கள். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய ஜிர்கோனியாவைக் கழற்ற, கடைந்த ஜிர்கோனியாவுக்கு ஆனதைப் போலப் பல மடங்கு விசை தேவைப்பட்டது. பொருள் ஒன்றே, மேற்பரப்பு மட்டுமே வேறு. பன்றிகளின் தாடையில் நடந்த ஆய்வுகளிலும் இதே போக்குத் தெரிந்தது.

எலும்புக்கு உகந்த சொரசொரப்பு, சராசரி உயரம் ஒன்று முதல் இரண்டு மைக்ரான் வரை உள்ள மேடுபள்ளம் என்று டைட்டானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. டைட்டானியத்தில் இதைப் பெறுவது எளிது; மணல்வீச்சும் அமிலக் குளியலும் போதும். ஜிர்கோனியா மிகவும் கடினமானது, பெரும்பாலான அமிலங்களுக்கு அசையாதது. எனவே தயாரிப்பாளர்கள் வேறு வழிகளைத் தேட வேண்டியிருந்தது. சிலர் அலுமினாத் துகள்களை வீசி, பிறகு ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். சிலர் உள்பக்கம் சொரசொரப்பான அச்சில் ஜிர்கோனியாக் கூழைச் செலுத்தி வார்க்கிறார்கள். சிலர் லேசரால் நுண்பள்ளம் பறிக்கிறார்கள். அளவுக்கு மீறினால் இதில் ஆபத்தும் உண்டு. துகள்வீச்சு நுண்விரிசல்களை உண்டாக்கலாம். உலோகத்தில் தழும்பாக நின்றுவிடும் விரிசல், செராமிக்கில் பின்னாளில் முறிவாக மாறக்கூடும். எலும்புக்குச் சொரசொரப்பு வேண்டும், செராமிக்கின் ஆயுளுக்கு வழவழப்பு வேண்டும். தயாரிப்பாளரின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வெளிப்படுகிறது. அதனால்தான், செராமிக் வைத்துக்கொள்கிறேன் என்று வருபவரிடம், எந்தச் செராமிக், அதன் மேற்பரப்பு எவ்வாறு உருவாக்கப்பட்டது, எத்தனை ஆண்டு மருத்துவத் தரவு உள்ளது என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன்.

உடல் இதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்காதா?

கருதும், ஆனால் எதிர்ப்பு எப்போதும் வெளியேற்றத்தில் முடிவதில்லை. பிரோனமார்க்கோடு பணியாற்றிய டோமாஸ் ஆல்பிரெக்ட்சன் பிற்காலத்தில் ஒரு கருத்தை முன்வைத்தார்: எலும்பு இம்பிளான்டைச் சூழ்ந்து வளர்வதே நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளைத் தனிமைப்படுத்தும் ஒரு வழி, அந்தச் சமநிலை நீடிக்கும் வரை இம்பிளான்ட் நீடிக்கும் என்பது அதன் சாரம். துறையில் எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆயினும் பெருவிழுங்கிச் செல்களின் பங்கை அனைவரும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். இச்செல்கள் தொடக்கத்தில் அழற்சியைத் தூண்டும் நிலையில் இருக்கின்றன. சில நாட்களில் அவை ஆற்றுப்படுத்தும் நிலைக்கு மாறினால் எலும்பு உருவாகும். மாறாமல் நின்றால் நார்த்திசு உறை ஒன்று இம்பிளான்டைச் சுற்றிக்கொள்ளும். ஜிர்கோனியா நச்சோ திசு எரிச்சலோ தராத பொருள் என்பது இடுப்பு மூட்டு அறுவையில் அதைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்தே தெரிந்த செய்தி.

இவ்வளவு விறைப்பான பொருள் எலும்பைத் தேய்த்துவிடாதா?

விறைப்பின் அளவைப் பார்த்தால் இந்த அச்சம் நியாயமானதுதான். தாடையின் புறணி எலும்பின், அதாவது வெளிப்புறக் கெட்டி எலும்பின், விறைப்பைக் காட்டும் மீள்தன்மை எண் ஏறத்தாழ 10 முதல் 20 கிகாபாஸ்கல், டைட்டானியம் 110, ஜிர்கோனியா 200-ஐ ஒட்டியது. இரண்டுமே எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானவை. கடிக்கும்போது இரண்டிலும் விசை கழுத்துப் பகுதியில், அதாவது இம்பிளான்ட் எலும்பைவிட்டு வெளியே வரும் விளிம்பில்தான் குவிகிறது. கணினி மாதிரிகளிலும் இரண்டுக்கும் எலும்பில் பெரிய வேறுபாடு தென்படுவதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இயற்கை வைத்த நார்ப்படலம் எந்த இம்பிளான்டிலும் கிடையாது என்பதால், இரவில் பல் நறநறப்பவர்களுக்கு நான் செராமிக்கை எளிதில் பரிந்துரைப்பதில்லை.

செராமிக் இம்பிளான்ட் உடைந்துவிடும் என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்கு வரலாறு உண்டு. 1960-களில் சுவிட்சர்லாந்தின் சாமி சாண்ட்ஹவுஸ் அலுமினாவால் ஆன திருகு இம்பிளான்டைக் கொண்டுவந்தார். 1970-களில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்லி ஷுல்டே உருவாக்கியதும் அலுமினா இம்பிளான்டுதான். எலும்பு இவற்றை நன்றாகவே ஏற்றது. ஆனால் அலுமினா நொறுங்கும் தன்மையது. எலும்பு பிடித்துக்கொண்டிருக்க, இம்பிளான்ட் முறிந்தது. இப்படி அலுமினா சந்தையிலிருந்து விலகியது. எலும்பின் ஏற்பு மட்டும் ஒரு பொருளைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜிர்கோனியாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஈரமான சூழலில், உடல் வெப்பத்திலேயே, மேற்பரப்புத் துகள்கள் மிக மெதுவாகப் பழைய படிக அமைப்புக்குத் திரும்புகின்றன. இதை மூப்படைதல் என்பார்கள். நன்கு சுட்ட ஜிர்கோனியாவில் இது பல ஆண்டுகளுக்குப் பொருட்படுத்தத்தக்கதாக இருக்காது. சுடுவதில் சிறு பிழை நேர்ந்தால் நிலைமை வேறு. சூளையின் முறையை மாற்றியபின் தயாரான இடுப்பு மூட்டு ஜிர்கோனியாப் பந்துகள் நூற்றுக்கணக்கில் முறிந்ததும், 2001-இல் அவை திரும்பப் பெறப்பட்டதும் செராமிக் துறையில் பணியாற்றும் யாரும் மறக்கக் கூடாதவை. இன்று 134 பாகை நீராவியில் மணிக்கணக்கில் வைத்து மூப்பை விரைவுபடுத்திச் சோதித்த பிறகே மருத்துவத் தர ஜிர்கோனியா ஏற்கப்படுகிறது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பழைய வகைகளில் 3.4 சதவீதமாக இருந்த முறிவு இப்போதைய வகைகளில் 0.2 சதவீதமாகக் குறைந்துள்ளதாகக் கணக்கிட்டது. மெல்லிய விட்டம் கொண்ட இம்பிளான்டுகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றில் முறிவின் ஆபத்து கூடுதல் என்பதால் கடைவாய்ப் பல் இடத்தில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

துளையிடும்போது உண்டாகும் சூடு எலும்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். 47 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு காயப்படும் என்பதை 1983-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் முயலின் எலும்பில் காட்டினார்கள். தேநீர் குடிக்கும் சூட்டைவிடக் குறைவான வெப்பம் இது. ஆகவேதான் உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே, கூர் மழுங்காத துளைகருவியால், இடைவிட்டு இடைவிட்டுத் துளையிடுகிறோம். ஜிர்கோனியா வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதனால் இறுக்கமான துளையில் வேகமாகத் திருகினால், உரசலில் பிறக்கும் சூடு இம்பிளான்ட் வழியே வெளியேறாமல் எலும்பிலேயே தங்கிவிடும். பதித்த பிறகு அதே இம்பிளான்டின் தலையை வாய்க்குள் சாணை பிடித்துச் சரிசெய்வதையும் தவிர்க்க வேண்டும். சூட்டோடு நுண்விரிசலும் சேர்ந்து வரும்.

ஒரே துண்டாக இருக்கும் வகை நல்லதா, இரண்டு துண்டாக இருக்கும் வகையா?

வேரும் பல்லைத் தாங்கும் தலையும் ஒன்றாகவே இருப்பது ஒற்றைத் துண்டு; தலையைத் தனியாக இணைப்பது இரண்டு துண்டு. எலும்பின் பக்கம் நின்று பார்த்தால் ஒற்றைத் துண்டில் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பிடைவெளி எலும்பு விளிம்புக்கு அருகில் இல்லாததால் அங்கே கிருமி தங்க வழியில்லை என்பது நன்மை. பதித்த அன்றே அதன் தலை ஈறுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் நாக்கும் கன்னமும் உணவும் அதை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும் என்பது தொல்லை. இம்பிளான்டுக்கும் எலும்புக்கும் இடையே 150 மைக்ரானுக்கு மேல் அசைவு திரும்பத் திரும்ப நேர்ந்தால், அங்கே வந்து சேர்ந்த இளஞ்செல்கள் எலும்பை உருவாக்காமல் நாரை உருவாக்கிவிடும். ஏறக்குறைய இரண்டு தலைமுடி தடிப்பளவே ஆன இந்த அசைவு ஒருவருடைய ஆறு மாதக் காத்திருப்பை வீணாக்கிவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒற்றைத் துண்டு பதித்துக்கொண்டவர்கள், மருத்துவர் தரும் பாதுகாப்புத் தகட்டைத் தவறாமல் அணிய வேண்டும். மேலும், ஒற்றைத் துண்டின் தலைமேல் செயற்கைப் பல்லைச் சிமென்டால் ஒட்டும்போது ஈறுக்கு அடியில் மிச்சச் சிமென்ட் தங்கினால் அது அழற்சியைத் தூண்டி எலும்பைக் கரைக்கும்; அதை முழுமையாக நீக்குவது மருத்துவரின் கடமை.

ஈறு செராமிக்கோடு நன்றாகப் பொருந்தும் என்பது சரியா?

பெருமளவு சரிதான். எலும்பின் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், ஈறின் விஷயத்தில் ஜிர்கோனியாவுக்குச் சற்று முன்னிலை உண்டு. 2004-இல் இத்தாலியில் பத்துப் பேரின் வாயில் 24 மணி நேரம் தகடுகளை வைத்துப் பார்த்த ஆய்வில், பாக்டீரியா படிந்த பரப்பு ஜிர்கோனியாவில் 12.1 சதவீதம், டைட்டானியத்தில் 19.3 சதவீதம். ஈறு அழற்சியின்றி இருந்தால் அதற்கடியில் உள்ள எலும்பு விளிம்பும் பாதுகாப்பாக இருக்கும். மெல்லிய ஈறு உள்ளவர்களுக்கு, உலோகத்தின் கருநிழல் ஈறு வழியே தெரியாமல் இருப்பதும் ஒரு நன்மை. ஆனால் செராமிக்கில் இம்பிளான்ட் அழற்சி வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும். வீக்கம் நீடித்தால் எலும்பு கரையும். அதற்குப் பொருள் தடையாகாது.

டைட்டானியம் ஒவ்வாமைக்காகச் செராமிக்குக்கு மாறலாமா?

உண்மையான டைட்டானிய ஒவ்வாமை அரிது. 1500 இம்பிளான்ட் நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்பது பேருக்கு, அதாவது 0.6 சதவீதத்தினருக்கு மட்டுமே சோதனையில் ஒவ்வாமை காணப்பட்டது. அந்தச் சிலருக்குச் செராமிக் நல்ல மாற்று. அச்சத்தின் பேரில் மட்டும், நன்றாக எலும்போடு இணைந்திருக்கும் டைட்டானிய இம்பிளான்டைக் கழற்றிவிட்டுச் செராமிக் வைக்கச் சொல்வது எலும்பை வீணாக்கும் செயல்.

எலும்பு பிடித்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

அசைவு இல்லை, வலி இல்லை, தட்டினால் தெளிவான ஒலி, எக்ஸ்ரேயில் இம்பிளான்டைச் சுற்றிக் கருங்கோடு இல்லை என்பவை அடிப்படைக் குறிகள். டைட்டானியத்தில் சிறு உலோகக் குச்சியைத் திருகி அதிர்வை அளக்கும் முறை பரவலாக உள்ளது. ஒற்றைத் துண்டுச் செராமிக்கில் அதைத் திருக இடமில்லை என்பதால் மெல்லத் தட்டி அளக்கும் கருவியையே பயன்படுத்துகிறோம். முப்பரிமாண ஸ்கேனில் ஜிர்கோனியா டைட்டானியத்தைவிட அதிகமான வெண்கீற்றுகளை உண்டாக்கி அருகிலுள்ள எலும்பை மறைத்துவிடும். எனவே அந்த ஸ்கேனை மட்டும் பார்த்து எலும்பு கரைந்துவிட்டது என்றோ, நன்றாக இருக்கிறது என்றோ முடிவு செய்யக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கோ ஜிர்கோனியா பெரிதாக இடையூறு செய்வதில்லை.

விளிம்பு எலும்பு முதல் ஆண்டில் சற்றுக் குறைவது இயல்பு. முன்பு குறிப்பிட்ட 2018 தொகுப்பாய்வில் அது ஓராண்டில் சராசரி 0.7 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. இப்போதைய வகைகளில் இம்பிளான்ட் நிலைத்திருந்த விகிதம் ஓராண்டில் 98.3 சதவீதமும் ஈராண்டில் 97.2 சதவீதமும் ஆகும். டைட்டானியத்துக்கு இருப்பது போல நாற்பது ஆண்டுத் தரவு செராமிக்குக்கு இல்லை என்பதையும் நோயாளி அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

யாருக்கு எலும்பு சரியாக ஆறாது?

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றது ஆகியவை எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தும். எலும்பு மெலிவுக்காகவோ புற்றுநோய்க்காகவோ சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகளைப் பெற்றவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இம்மருந்துகள் எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கிவிடுவதால், மேலே சொன்ன அரித்தெடுத்துப் புதுப்பிக்கும் வேலை தடைப்பட்டுத் தாடை எலும்பே அழுகும் ஆபத்து சிலருக்கு உண்டு. ஊசி ஆண்டுக்கு ஒரு முறைதானே என்று பலர் மருந்துப் பட்டியலில் அதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள்.

எலும்பு பிடிக்காமல் போனால் என்ன ஆகும்?

தொடக்கத்திலேயே பிடிக்காமல் போன இம்பிளான்டைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உறை இருக்கும். இம்பிளான்ட் லேசாக அசையும், பெரும்பாலும் விரலாலேயே திருகி எடுத்துவிடலாம். அந்த நார்த்திசுவை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, எலும்பு மறுபடி வளர்வதற்குச் சில மாதம் விட்டு, அதே இடத்தில் மீண்டும் பதிக்க முடியும். நன்றாகப் பிடித்த பின் முறிந்ததை எடுப்பதுதான் கடினம். எலும்பு ஜிர்கோனியாவை விடாது, ஜிர்கோனியாவை எதிர்த்திசையில் பலமாகத் திருகினால் அது மேலும் நொறுங்கும்; ஆகவே சுற்றியுள்ள எலும்பை மெல்லிய அளவில் அறுத்தோ, அல்ட்ராசோனிக் கருவியால் பிரித்தோதான் எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுத்த துண்டைக் கழுவிய பிறகும் மரையின் பள்ளங்களில் எலும்பு வெள்ளையாக ஒட்டியிருக்கும். எது செராமிக், எது எலும்பு என்று நகத்தால் கீறிப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது.